வீட்டுக் கணினிக்கு எந்த டிஃப்ராக் கருவி?

கணினி மெதுவாகிவிட்டது என்ற குறை எழும்போது சொல்லப்படும் வைத்தியங்களில் ‘டிஃப்ராக்’ செய்வது நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. வன்தட்டில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்த்து வரிசையாக அடுக்கும் இப்பணியின் முழுப்பெயர் டிஃப்ராக்மென்டேஷன். இதைச் செய்துதரும் மென்பொருள்கள் இலவசமாகவும் விலைக்கும் பல கிடைக்கின்றன. அவற்றுள் எது சிறந்தது என்று ஆராய்வதற்கு முன்னால், கணினிக்குள் இருக்கும் சேமிப்பகம் எந்த வகையைச் சேர்ந்தது, அதில் சிதறல் உண்மையிலேயே ஏற்பட்டிருக்கிறதா, ஏற்பட்டிருந்தால் அது வேகத்தை எந்த அளவுக்குப் பாதிக்கக்கூடியது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். இக்கருவிகள் அனைத்தும் அடிப்படையில் செய்வது தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பதுதான். அந்த ஒவ்வொரு நகர்த்தலும் நேரத்தையும் மின்சாரத்தையும் தட்டின் உழைப்பையும் செலவழிப்பதோடு ஓரளவு ஆபத்தையும் உடன்கொண்டு வருகிறது. எனவே எதை நகர்த்தத் தேவையில்லை என்று அறிந்து அதைத் தொடாமல் விடும் கருவியே நல்ல கருவி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சு பூசிய வட்டத் தகடுகள் ஒரே அச்சில் சுழல, அவற்றின் மேற்பரப்பை ஒட்டி ஒரு கையின் நுனியில் வாசிப்புத் தலை முன்னும் பின்னும் நகர்ந்து தரவைப் படித்தும் எழுதியும் வரும் இயந்திரம். இயங்குதளம் அந்தப் பரப்பைச் சம அளவுள்ள சிறு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது; இப்பகுதி ஒவ்வொன்றும் கிளஸ்டர் எனப்படுகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்புமுறையில் வழக்கமான கிளஸ்டரின் அளவு 4 கிலோபைட். ஒரு கோப்பு எழுதப்படும்போது அதற்குத் தேவையான கிளஸ்டர்கள் அடுத்தடுத்துக் காலியாக இருந்தால் கோப்பு ஒரே தொடராக அமையும். பழைய கோப்புகள் அழிக்கப்பட்டதால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடம் காலியாகியிருந்தால், அல்லது ஏற்கெனவே எழுதிய கோப்பு பின்னர் வளர்ந்து பக்கத்தில் இடமின்றிப் போனால், எஞ்சிய பகுதி வேறெங்கோ எழுதப்படும். கடைசி நேரத்தில் பயணச்சீட்டு எடுத்த பெரிய குடும்பத்துக்கு ரயிலில் ஒரே பெட்டியில் இடம் கிடைக்காமல், ரத்தான இருக்கைகள் இருக்கும் பெட்டிகளிலெல்லாம் பிரித்துப் பிரித்து ஒதுக்கப்படுவதைப் போன்றது இது. எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது, ஆனால் அவர்களை ஒன்றாகக் காண ஒவ்வொரு பெட்டியாக நடந்தாக வேண்டும்.

அந்த நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் கருவிகளின் விளம்பரங்களை எடைபோட அதுவே அளவுகோல். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகரச் சராசரியாக 9 மில்லிவினாடி என்று கொண்டால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவுவதற்கு மொத்தம் 13 மில்லிவினாடி ஆகிறது. தொடர்ச்சியாகப் படிக்கும்போது அதே தட்டு வினாடிக்கு 150 மெகாபைட் அளவுக்குத் தரவைத் தரக்கூடியதாயின், 300 மெகாபைட் கோப்பு ஒரே தொடராக இருக்கையில் 2 வினாடியில் வந்துவிடும். அதுவே தட்டெங்கும் பரவிய 1,000 துண்டுகளாக இருந்தால் தாவல்களுக்கு மட்டும் 13 வினாடி கூடுதலாகும். அக்கம்பக்கத்தில் கிடக்கும் துண்டுகளுக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்றாலும், சிதறலின் சுமை எங்கிருந்து வருகிறது என்பது இக்கணக்கில் தெளிவாகிறது.

இக்கணக்கையே மறுபக்கமாகப் போட்டால் இன்னொரு உண்மை வெளிப்படும். ஒவ்வொரு துண்டும் 64 மெகாபைட் அளவுக்குப் பெரிதாக இருந்தால், ஒரு துண்டைப் படிக்கவே ஏறத்தாழ 427 மில்லிவினாடி ஆகும். அடுத்ததற்குத் தாவும் 13 மில்லிவினாடி அதில் 3 விழுக்காடு மட்டுமே. திரைப்படக் கோப்பொன்று இருபது பெரிய துண்டுகளாக இருப்பதால் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு மைக்ரோசாஃப்ட் தன் கருவியில் 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறலாகவே எண்ணாமல் விட்டதற்கு இதுவே காரணம். அந்த மாற்றத்தின்போது, வண்ணக் கட்டங்கள் நகரும் பழைய படத்தையும் எடுத்துவிட்டதால், கருவி வலுவிழந்துவிட்டது என்று அன்று பலர் குறைப்பட்டார்கள். கணக்கோ மைக்ரோசாஃப்டின் பக்கம் இருந்தது. சிதறல் பூஜ்ய விழுக்காடாக வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பையும் ஒட்டவைக்கும் கருவி, பயனருக்கு ஒரு வினாடிகூட மிச்சப்படுத்தாத வேலைக்காக மணிக்கணக்கில் தட்டை உழைக்கவைக்கிறது.

மேற்கண்ட கணக்கு முழுவதும் சுழலும் தகட்டையும் நகரும் தலையையும் நம்பியே நிற்கிறது. எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் இவ்விரண்டும் இல்லை. அங்கே தரவு ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் மின்னேற்றமாகப் பதிகிறது. எந்த இடத்தில் உள்ளதையும் எடுக்க ஏறத்தாழ ஒரே நேரம்தான், அதுவும் சாதாரணமாக 0.1 மில்லிவினாடி அளவில்தான் ஆகிறது. அதற்கும் மேலாக, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, சில்லுகள் எல்லாம் சமமாகத் தேயவேண்டும் என்பதற்காகத் தரவைத் தானே இடம்மாற்றிக்கொண்டிருக்கும். இயங்குதளத்தின் கண்ணுக்கு அடுத்தடுத்து இருப்பதாகத் தோன்றும் இரு கிளஸ்டர்கள் உள்ளே வெவ்வேறு சில்லுகளில் இருக்கலாம். ஆகவே டிஃப்ராக் கருவி வரைந்துகாட்டும் ஒழுங்கான வரைபடத்துக்கும் எஸ்எஸ்டிக்குள் நடப்பதற்கும் தொடர்பே இல்லை. மாறாக, ஃபிளாஷ் நினைவகம் குறிப்பிட்ட அளவுக்கே எழுதுவதைத் தாங்கும். 1 டெராபைட் கொள்ளளவுள்ள சாதாரண எஸ்எஸ்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் சில நூறு டெராபைட் எழுதும் அளவுவரை உத்தரவாதம் தருகிறார்கள். முழு டிஃப்ராக் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கிலிருந்து வீணாகக் கழிகிறது.

எஸ்எஸ்டிக்கு உண்மையில் தேவைப்படுவது டிரிம் என்னும் வேறொரு செயல். கோப்பு அழிக்கப்பட்டது இயங்குதளத்துக்குத் தெரியுமே தவிர, எஸ்எஸ்டிக்குத் தானாகத் தெரியாது. இன்னின்ன பகுதிகள் இனித் தேவையில்லை என்று அறிவிக்கும் கட்டளையே டிரிம். 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 இக்கட்டளையை ஏற்றுக்கொண்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8, பழைய டிஃப்ராக் கருவிக்கு ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று பெயர்மாற்றி, வன்தட்டு என்றால் டிஃப்ராக், எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்று வகையறிந்து செயல்படும்படி அமைத்தது. இவ்விதிக்குச் சிறிய விலக்கு ஒன்று உண்டு. விண்டோஸில் மீட்புப்புள்ளிகளை உருவாக்கும் வசதி இயங்கும்போது, அக்கருவி எஸ்எஸ்டியையும் மாதம் ஒருமுறை டிஃப்ராக் செய்யும் என்பதை மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த ஸ்காட் ஹான்சல்மன் 2014இல் விளக்கி எழுதினார். இங்கே நோக்கம் வேகம் மட்டுமன்று. ஒரு கோப்பின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவைக்கும் பட்டியலுக்கு என்டிஎஃப்எஸ்ஸில் ஓர் உச்சவரம்பு உண்டு; மிகமிகச் சிதறிய கோப்பு அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் வளர முடியாது. எனவே எஸ்எஸ்டி வாங்கியவுடன் விண்டோஸின் தானியங்கி அட்டவணையை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும் என்று கூறப்படும் அறிவுரை சரியானதல்ல. அதை நிறுத்தினால், அட்டவணைப்படி நடக்கும் டிரிமும் சேர்ந்து நின்றுவிடும்.

கணினிக்குள் இருப்பது எது என்பதை அறிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸின் தேடல் பெட்டியில் டிஃப்ராக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் தோன்றும் சாளரத்தில், ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே ‘மீடியா டைப்’ என்ற பத்தியில் அது வன்தட்டா எஸ்எஸ்டியா என்று எழுதப்பட்டிருக்கும். பென்டிரைவும் மெமரி கார்டும் ஃபிளாஷ் நினைவகமே என்பதால் அவற்றையும் டிஃப்ராக் செய்யத் தேவையில்லை.

வன்தட்டு உள்ளவர்களுக்கே இனிவரும் தேர்வு பொருந்தும். அதைச் சரியாகச் செய்ய, இக்கருவிகள் வந்த வழியைச் சற்று அறிவது உதவும். டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ் கணினிகளில் இயங்கிய விஎம்எஸ் என்னும் இயங்குதளத்துக்காகக் கிரெய்க் ஜென்சனின் எக்சிகியூட்டிவ் சாஃப்ட்வேர் நிறுவனம் 1986இல் டிஸ்கீப்பர் என்ற கருவியை வெளியிட்டது. தனிநபர் கணினி உலகில் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் ஸ்பீட் டிஸ்க் புகழ்பெற்றது. அதைத் தன்வசம் வைத்திருந்த சிமான்டெக் நிறுவனத்திடம் உரிமம் பெற்றே மைக்ரோசாஃப்ட் 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0உடன் டிஃப்ராக் கருவியைச் சேர்த்து வழங்கியது. அக்காலக் கருவிகள் தட்டில் எழுதப்பட்டிருந்த கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையைத் தாமே நேரடியாகத் திருத்தின. கோப்பின் ஒரு துண்டை நகர்த்திவிட்டு அட்டவணையைத் திருத்துவதற்குள் மின்சாரம் போனால் கோப்பு கைவிட்டுப் போகக்கூடும். விண்டோஸ் 95, 98 காலத்துக் கருவி, தான் இயங்கும்போது வேறெந்த நிரலாவது தட்டில் எழுதிவிட்டால் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால்தான் இரவில் எல்லா நிரல்களையும் மூடிவிட்டு டிஃப்ராக்கை ஓடவிட்டுத் தூங்கப்போவது அன்றைய வழக்கமாக இருந்தது.

1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 இந்நிலையை அடியோடு மாற்றியது. டிஃப்ராக் கருவி எதையும் அதனோடு தராத மைக்ரோசாஃப்ட், கோப்புமுறைக்குள்ளேயே ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. வெளியிலிருந்து வரும் மென்பொருள், தட்டில் எந்தெந்தக் கிளஸ்டர் காலி என்ற வரைபடத்தையும் ஒரு கோப்பின் துண்டுகள் எங்கே உள்ளன என்ற பட்டியலையும் கேட்டுப்பெற்று, ‘இந்தத் துண்டை இந்தக் காலியிடத்துக்கு நகர்த்து’ என்று விண்ணப்பிக்கும். உண்மையான நகர்த்தலைக் கோப்புமுறையே செய்யும். என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு செய்வதால், இடையில் மின்சாரம் போனாலும் கோப்பின் முகவரி பழைய இடத்தையோ புதிய இடத்தையோ காட்டுமே தவிர இரண்டுங்கெட்டானாக நிற்காது. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000, எக்சிகியூட்டிவ் சாஃப்ட்வேரிடம் பெற்ற எளிய டிஃப்ராக் கருவியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது.

கருவி தேர்ந்தெடுப்பவர் இதிலிருந்து அறியவேண்டியது மிக முக்கியமானது. இன்றைய விண்டோஸில் இலவசக் கருவியும் சரி, விலைகொடுத்து வாங்கும் கருவியும் சரி, பெரும்பாலும் அதே வாயில் வழியாகத்தான் கோப்புகளை நகர்த்துகின்றன. இயந்திரம் ஒன்றே என்றான பிறகு, ‘எங்கள் கருவி பத்துமடங்கு பாதுகாப்பானது’ என்பது போன்ற உரிமைகோரல்களுக்குப் பெரிய பொருள் இல்லை. எந்தக் கோப்பை நகர்த்துவது, எங்கே கொண்டுபோய் வைப்பது, எப்போது செய்வது, செய்ததை எப்படிக் காட்டுவது என்பவற்றில் மட்டுமே கருவிகள் வேறுபடுகின்றன.

இவற்றுள் எங்கே வைப்பது என்பதில்தான் விற்பனையாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். வன்தட்டின் வெளிவிளிம்பில் உள்ள தடங்கள் நீளமானவை. ஒரே சுற்றில் அங்கே உள்விளிம்பைவிட அதிகத் தரவு தலைக்குக் கீழே கடந்துபோவதால், படிக்கும் வேகம் உள்விளிம்பைப்போல ஏறத்தாழ இருமடங்குவரை இருக்கும். அடிக்கடி திறக்கப்படும் கோப்புகளை வெளிப்புறத்துக்கும், தொடப்படாதவற்றை உட்புறத்துக்கும் நகர்த்தினால் பயன் கிட்டும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த யெரூன் கெசல்ஸ் உருவாக்கிய ஜேகேடிஃப்ராக்கும் அதன் வழிவந்த மைடிஃப்ராக்கும் இவ்வகை அடுக்குமுறைகளைப் பயனரே எழுதிக்கொள்ளும் அளவுக்கு நுட்பமாக வளர்த்தன. பெர்லினிலிருந்து வரும் ஓ அண்ட் ஓ டிஃப்ராக், ராக்ஸ்கோவின் பெர்ஃபெக்ட் டிஸ்க் ஆகிய விலைக்கருவிகளும் இத்தகைய உத்திகளைக் கொண்டவை. பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கோப்புகளின் பயன்பாடு மாறிக்கொண்டே இருப்பதால் அடுக்கு குலைவதும் மீண்டும் அடுக்குவதுமாக நகர்த்தல் முடிவின்றி நீள்கிறது. கணினி தொடங்கும்போது தேவைப்படும் கோப்புகளின் வரிசையை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இயங்குதளம் குறித்துவைத்து, அவற்றை அருகருகே அமைத்தும் வருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதற்குமேல் அடுக்குக்கலை தேவைப்படுவது அரிது.

டிஸ்கீப்பர் பிற்காலத்தில் வேறொரு வழியைப் பிடித்தது. சிதறிய பிறகு சேர்ப்பதைவிட, எழுதும்போதே போதிய அகலமுள்ள காலியிடத்தைத் தேடித் தந்து சிதறலைத் தடுப்பது மேல் என்று கருதி, டிஸ்கீப்பர் 2010இல் அத்தகைய நுட்பத்தைச் சேர்த்தார்கள். கருத்தளவில் பாராட்டத்தக்க வழி இது. யூனிக்ஸ் மரபில் இதே சிந்தனை முன்பே கோப்புமுறைக்குள் இடம்பெற்றிருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறை, எழுதவேண்டிய தரவைச் சற்று நேரம் நினைவகத்தில் சேர்த்துவைத்து, மொத்த அளவு தெரிந்தபின் தொடர்ச்சியான இடத்தை ஒதுக்குகிறது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பதிப்போ, 20 மெகாபைட்டுக்குக் குறைவான சிதறிய கோப்புகளைத் திறக்கும்போதே தானாகச் சேர்த்துவிடும்படி 2003இலேயே அமைக்கப்பட்டது. எனவே இவ்விரு குடும்பத்துக் கணினிகளிலும் தனிக்கருவி பற்றிய கேள்வி பெரிதாக எழுவதில்லை.

விண்டோஸ் கணினியும் வன்தட்டும் உள்ள வீட்டுக்கு, உடன்வரும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் கருவியே பெரும்பாலும் போதுமானது. அது தானாக அட்டவணைப்படி இயங்குகிறது, வேறு வேலை நடக்கும்போது ஒதுங்கிக்கொள்கிறது, தட்டின் வகையறிந்து நடக்கிறது, விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் தானும் புதுப்பிக்கப்படுகிறது. குறையே அற்றது என்றும் கூறுவதற்கில்லை: 2020ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பொன்றில், கணினியை மறுபடி தொடங்கினால் கடைசியாக எப்போது இயங்கினோம் என்பதை அது மறந்துவிட்டு, தேவைக்கு அதிகமான முறை இயங்கும் பிழை இருந்தது, சில மாதங்களில் அது திருத்தப்பட்டது.

வெளிக்கருவி பொருந்தும் சூழல்களும் உண்டு. குறிப்பிட்ட ஒரே ஒரு கோப்பு, மெய்நிகர் கணினியின் வட்டுக்கோப்போ பெரிய தரவுத்தளமோ மின்னஞ்சல் களஞ்சியமோ, ஆயிரக்கணக்கான துண்டுகளாகியிருக்கும்போது முழுத்தட்டையும் கிளறாமல் அதை மட்டும் சேர்ப்பதே அறிவுடைமை. மார்க் ருசினோவிச் எழுதிய கான்டிக் என்னும் சிறு கருவி இதற்கென்றே அமைந்தது. அவர் இணைந்து நிறுவிய சிஸ்இன்டர்னல்ஸை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிய பின்னும் அக்கருவி இலவசமாகவே கிடைக்கிறது. கட்டளைவரியில் தட்டித்தான் இயக்க வேண்டும் என்பது பலருக்குத் தயக்கம் தரலாம். அத்தகையோர், சிதறிய கோப்புகளைப் பட்டியலிட்டு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்க உதவும் டிஃப்ராக்ளர் போன்ற கருவியை நாடுகிறார்கள். மற்றொரு சூழல், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தொடமுடியாத கோப்புகள் சிதறியிருப்பது. நினைவகம் போதாதபோது பயன்படும் பேஜ்ஃபைல் அவற்றுள் ஒன்று. சில கருவிகள் விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே ஓடி இவற்றைச் சேர்க்கின்றன. பழைய எக்ஸ்பி கணினிகளில் இவ்வசதிக்கு மதிப்பு இருந்தது. இன்று அதற்காக மட்டும் பணம் செலவிடுவது தேவையற்றது.

ஒரு வெளிக்கருவியை எடைபோடும்போது, எஸ்எஸ்டியைக் கண்டால் டிஃப்ராக் செய்யாமல் மறுக்கிறதா அல்லது குறைந்தது எச்சரிக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்; இதை அறியாத பழங்கருவிகள், அந்நாளில் எவ்வளவு பெயர்பெற்றிருந்தாலும், இன்றைய கணினிக்கு ஆகாதவை. வேலையைத் தொடங்கும் முன் நிலையை ஆராய்ந்து, எவ்வளவு சிதறல் உள்ளது என்று சொல்லி அனுமதி கேட்கும் பழக்கமும், எந்த நொடியிலும் நிறுத்த இடங்கொடுக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். உருவாக்கியவர்கள் அதைத் தொடர்ந்து பராமரிக்கிறார்களா என்பது அடுத்தது. மைடிஃப்ராக்கின் வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது. டிஃப்ராக்ளரும் பல ஆண்டுகளாகக் குறிப்பிடத்தக்க புதுப்பிப்பைக் காணவில்லை. திறமூல மென்பொருளாக வளர்ந்த அல்ட்ரா டிஃப்ராக் தன் பிற்காலப் பதிப்பில் மூடிய உரிமத்துக்கு மாறியது. இலவசக் கருவியை நிறுவும்போது அதனோடு ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்கும் கருவி, நினைவகத்தை ‘டிஃப்ராக்’ செய்யும் கருவி முதலியவை ஒட்டிக்கொண்டு வந்தால் அதை அங்கேயே கைவிடுவது நல்லது. ரேம் நினைவகத்தில் நகரும் தலையே இல்லாதபோது அதைச் சேர்த்து அடுக்குவதால் கிடைக்கும் வேகம் என்று ஒன்று கிடையாது.

எச்சரிக்கைக்கு வரலாற்றுக் காரணங்கள் இருக்கின்றன. 2010, 2011ஆம் ஆண்டுகளில் டிஃப்ராக் கருவி போலவே வேடமிட்ட தீநிரல் குடும்பம் ஒன்று உலகெங்கும் பரவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஃபேக்சிஸ்டெஃப் என்று பெயரிட்டது. அது வன்தட்டு பழுதாகிவிட்டதாகப் பொய்ச்செய்திகளைக் காட்டியும், பயனரின் கோப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் அச்சுறுத்தி, சரிசெய்யப் பணம் கேட்டது. தட்டைப் பற்றி மக்களுக்கு இருந்த அச்சமே அதன் முதலீடு. நேர்மையான நிறுவனங்களின் கருவிகளுக்கும் ஆபத்து நேர்வதுண்டு: டிஃப்ராக்ளரை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தின் மற்றொரு மென்பொருளான சிகிளீனரின் பதிப்பொன்றில் 2017இல் ஊடுருவிகள் தீநிரலைச் செருகிவிட்டார்கள், 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அப்பதிப்பு சென்றுசேர்ந்த பிறகே அது கண்டறியப்பட்டது. டிஃப்ராக்ளர் அதில் சிக்கவில்லை. ஆயினும், நிர்வாகி உரிமையோடு தட்டு முழுவதையும் தொடும் மென்பொருளைக் கூடுதலாக ஒன்று நிறுவுவது, கூடுதலாக ஒரு கதவைத் திறந்துவைப்பது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

எந்தக் கருவியாயினும் ஓடவிடுவதற்கு முன் தட்டின் உடல்நிலையை அறிந்தாக வேண்டும். இது தவறவே கூடாத படி. வன்தட்டுகள் ஸ்மார்ட் என்னும் முறையில் தம் பிழைகளைத் தாமே எண்ணிவைக்கின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவிகள் அவற்றைப் படித்துக் காட்டும். பழுதானதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி எழுந்தால், அத்தட்டுக்குத் தேவை உடனடிக் காப்புநகல். சாகக்கிடக்கும் தட்டின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படித்து எழுதவைக்கும் டிஃப்ராக், அதன் முடிவை விரைவுபடுத்திவிடும். வருத்தம் என்னவென்றால், சாகும் தட்டு படிக்கத் திணறி மீண்டும் மீண்டும் முயல்வதாலும் கணினி மெதுவாகும். அந்த மெதுவைக் கண்டுதான் பலர் டிஃப்ராக் கருவியைத் தேடத் தொடங்குகிறார்கள்.

தவறுதலாக அழித்த புகைப்படத்தையோ ஆவணத்தையோ மீட்க வேண்டியிருந்தால், மீட்பு முடியும்வரை டிஃப்ராக் பக்கமே போகக்கூடாது. அழித்த கோப்பின் தரவு, அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரைதான் தட்டில் எஞ்சியிருக்கும். டிஃப்ராக்கோ அந்தக் காலியிடங்களில்தான் கோப்புகளைக் கொண்டுவந்து நிரப்பும். மீட்புப்புள்ளிகளை நம்பியிருப்போரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிளஸ்டர் 16 கிலோபைட்டுக்குக் குறைவாக உள்ள தட்டில், நகர்த்தப்பட்ட பகுதிகள் மாற்றப்பட்டவையாகக் கருதப்பட்டு மீட்புப்புள்ளிகளின் இடத்தை நிரப்பிவிடலாம். அப்போது பழைய புள்ளிகள் அழிந்துபோகும். தட்டில் போதிய காலியிடமும் தேவை. எக்ஸ்பி காலக் கருவி 15 விழுக்காடு காலியிடம் கேட்டது; அந்த அளவு இன்றும் நல்ல வழிகாட்டி. நிரம்பி வழியும் தட்டில் எந்தக் கருவியும் உருப்படியாக எதையும் செய்ய இயலாது, செய்தாலும் மறுவாரமே பழைய நிலை திரும்பிவிடும்.

விலைக்கருவிக்குப் பணம் ஒதுக்க எண்ணுவோர், அத்தொகையை எஸ்எஸ்டி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். தாவலுக்கு 13 மில்லிவினாடி ஆகும் இடத்தில் 0.1 மில்லிவினாடி ஆகும் சேமிப்பகத்தை வைப்பதற்கு ஈடாக எந்த அடுக்குமுறையும் நிற்க முடியாது. விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டுப் பழைய வன்தட்டைப் படங்களும் காணொளிகளும் சேர்த்துவைக்கப் பயன்படுத்தும் வீடுகளில், அந்த வன்தட்டில் உள்ளவை பெரும்பாலும் ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கப்படும் பெரிய கோப்புகள் என்பதால், அங்கே சிதறல் மெல்லத்தான் சேரும். மெதுவுக்குக் காரணம் சிதறலே அல்லாமல் ரேம் போதாமையாகவோ, கணினி தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்களின் கூட்டமாகவோ இருப்பதும் மிகப் பரவலானது. ஆராய்ந்தபோது சிதறல் 5 விழுக்காட்டுக்குக் கீழே என்று காட்டினால், டிஃப்ராக்கை விட்டுவிட்டு இவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளித்தட்டுகளில் இன்னொரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. எஸ்எம்ஆர் என்னும் முறையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்குமாறு எழுதப்படுவதால் அதிகக் கொள்ளளவு கிடைக்கிறது. ஆனால் நடுவில் உள்ள ஒரு தடத்தைத் திருத்தினால் அதையடுத்துள்ள தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். சில தட்டுகள் இம்முறையில் அமைந்தவை என்பது விற்பனையின்போது வெளிப்படையாகக் கூறப்படாதிருந்தது 2020இல் தெரியவந்து பெரும் விவாதமானது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும் டிஃப்ராக் இத்தகைய தட்டில் மணிக்கணக்கு, சில வேளை நாள்கணக்கு எடுத்துக்கொள்ளும். இங்கே பழைய பெருங்கணினிக் காலத்து முறையே சிறந்தது: எல்லாக் கோப்புகளையும் வேறொரு தட்டுக்கு நகலெடுத்து, சரியாக நகலானதா என்று சரிபார்த்து, வெளித்தட்டை ஃபார்மட் செய்து, மீண்டும் அதில் எழுதுவது. கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியாக எழுதப்படுவதால் எஸ்எம்ஆர் தட்டுக்கும் அது இயல்பான வேலை. எந்தக் கருவியும் நிறுவத் தேவையில்லை, வேலை முடியும்போது இரண்டாம் தட்டில் முழுக் காப்புநகல் ஒன்றும் இருக்கும்.